டெஸ்மண்ட் வாயில் வந்த ‘அருமை’

பதினோரு மணிக்குக் கடைக்கதவைத் திறப்பது பெரிலுக்கு ஒரு காலத்தில் ஒரு விஷயமே இல்லை. இப்போது மேல்தாழ்ப்பாளுக்கு எம்பும்போதே முழங்கால் ‘இன்னிக்கும் வேணுமா?’ என்று கேட்கிறது. அந்தத் தாழ்ப்பாளை எந்த நெட்டையன் பொருத்தினானோ தெரியாது. கொஞ்சம் கீழே இறக்கி வை என்று புருஷன் நெவிலிடம் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவனும் வருஷக்கணக்காக ‘சரி’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறான்.

கதவுக்கு வெளியே டெஸ்மண்ட் நிற்பான். பஸ் ஓட்டின காலம் முழுக்க ஒரு நாளும் நேரத்துக்கு வராத மனுஷன், ஓய்வு பெற்றபிறகு ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. அவனுக்குப் பின்னால் ஹெட்லி, அவன் வளர்க்கும் ஆடுகளின் வாசனையோடும் ஒரு கிழட்டு நாயோடும் வருவான். இரண்டு பேரும் தலையை மட்டும் ஆட்டுவார்கள். யார்க்‌ஷர் மேட்டுப் பக்கத்தில் அதுவே கட்டிப்பிடித்து வரவேற்கிற மாதிரிதான்.

அந்தப் பீர்க்கடையின் பெயர் ‘கிழட்டுக் கிடா’. வாசல் பலகையில் கொம்பு முறுக்கின செம்மறி ஒன்று நிற்கும். புதிதாக வருகிறவன் பலகையையும் உள்ளே நிற்கிற நெவிலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பான். அந்தச் சிரிப்பு சலித்துப்போய்ப் பெரிலுக்குப் பல வருஷம் ஆகிறது. சிரிப்பு மட்டுமா சலித்தது? கிளாஸ் கழுவுவது, தரை துடைப்பது, கணப்பில் கரி அள்ளுவது, ஞாயிற்றுக்கிழமை மாட்டிறைச்சி வேக வைப்பது, எல்லாமே சலித்துவிட்டது. படுக்கையில் விழும்போது உடம்பு தனியாகவும் தான் தனியாகவும் விழுகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

அவள் தங்கை ஐவி விட்பி என்கிற ஊரில் கடலைப் பார்த்த மாதிரி வீட்டில் இருக்கிறாள். ஐவியின் பக்கத்து வீடு வசந்தத்தில் காலியாகிறது. படி இல்லாத வீடு. ஒரே தளம். சமையலறை ஜன்னலில் நின்றால் படகு தெரியும். பெரில் அந்த வீட்டை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள், ஆனால் எந்த மூலையில் எந்த நாற்காலி என்பதுவரை மனசுக்குள் போட்டாகிவிட்டது. ‘கிடா’வின் குத்தகையும் ஈஸ்டரோடு முடிகிறது. இன்னும் ஐந்து வருஷம் வேண்டுமா, போதுமா என்று கட்டடத்துச் சொந்தக்காரருக்கு அதற்குள் சொல்லியாக வேண்டும்.

நெவில் பிடி கொடுக்கவில்லை. “ஈஸ்டர் வரைக்கும் பார்ப்போம் பெரில். ஆளுங்க வந்தா இருப்போம். வரலேன்னா போயிடலாம்” என்றான்.

நெவிலுக்கு அந்தக் கடை என்றால் அந்தக் கடையின் பீர்தான். புட்டியில் அடைத்து ஐஸில் போட்டு மூக்கில் குத்துகிற சமாச்சாரத்தை அவன் பீர் என்றே ஒத்துக்கொள்ள மாட்டான். ஏல்தான் அவனுக்குப் பீர். பீப்பாயில் வந்து நிலவறைக்குள் இறங்கின பிறகும் அது உயிரோடு இருக்கும், உள்ளுக்குள் நொதித்துக்கொண்டே இருக்கும். அதைத் திண்டில் படுக்க வைத்து, அசைக்காமல், மேலே மரமுளை அடித்து, மூச்சு விடட்டும் என்று காத்திருக்க வேண்டும். வண்டல் அடியில் படிய வேண்டும். அப்புறம்தான் குழாய் மாட்டலாம், மேலே கடையில் கைப்பம்பை இழுக்கலாம். திறந்துவிட்டால் மூன்று நாலு நாளில் விற்றாக வேண்டும், இல்லாவிட்டால் காடியாகிவிடும். பச்சைக் குழந்தையை வளர்க்கிற வேலை. அவர்களுக்குக் குழந்தையும் இல்லை. பெரில் இதையெல்லாம் சேர்த்து யோசிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டாள்.

கடை திறந்ததும் முதல் கிளாஸை நெவில் தனக்குத்தான் ஊற்றுவான். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான், மோந்து பார்ப்பான், ஒரு வாய் குடிப்பான். சரியில்லை என்று பட்டால் பம்பு மேலிருக்கிற பேர்ப்பலகையைத் திருப்பி வைத்துவிடுவான். அப்படித் திருப்பியிருந்தால் இன்றைக்கு அது கிடையாது என்று அர்த்தம். இன்னொரு சட்டமும் அவனுக்கு உண்டு. யாராவது கிளாஸைத் திருப்பிக் கொண்டுவந்து நன்றாக இல்லை என்றால், ஏன் எதற்கு என்று கேட்காமல் மாற்றிக் கொடுக்க வேண்டும். வாய்ச்சண்டை கூடாது. முப்பது வருஷத்தில் அப்படித் திருப்பிக் கொண்டுவந்தவர்களை ஒரு கை விரலில் அடக்கிவிடலாம்.

பெரில் பீர் குடிக்க மாட்டாள். நாள் முழுக்க அதைத் துடைத்துக் கழுவுகிறவளுக்கு அதைக் குடிக்க வேறு வேண்டுமா? அவளுக்கு டீ போதும்.

ஜனவரியில் நெவிலுக்கு ஒரு காய்ச்சல் வந்து ஆளைப் படுக்கையில் தள்ளிவிட்டது. எழுந்து கீழே வந்தபோது சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றித் தொளதொளவென்று கிடந்தது. ஆனால் வந்தவன் பழையபடி நிலவறையில் இறங்கினான், முளை அடித்தான், பம்பை இழுத்தான். எல்லாம் பழையபடி என்றுதான் பெரில் நினைத்தாள். பிப்ரவரியில் ஒரு நாள் மத்தியானம் டெஸ்மண்ட் ஒரு வாய் குடித்துவிட்டு, “அருமைடா நெவில்” என்றான்.

பெரில் துடைத்துக்கொண்டிருந்த கிளாஸோடு திரும்பிப் பார்த்தாள்.

இதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். அந்த ஊரில் யாரும் எதையும் புகழ மாட்டார்கள். ஹெட்லியின் மகள் கல்யாண உடையில் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது, பெற்ற தகப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு “பரவாயில்ல” என்றான். அவள் அதற்கே அழுதுவிட்டாள். டெஸ்மண்ட் இன்னும் மோசம். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு இலையுதிர்காலத்தில் நெவில் இறக்கின பீப்பாய் ஒன்று அப்படி வாய்த்துவிட்டது. டெஸ்மண்ட் நாலு பைண்ட் கிளாஸ் குடித்து முடித்து, தொப்பியை மாட்டிக்கொண்டு, வாசல்வரை போய்த் திரும்பி, “குடிக்கலாம்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். அன்று இரவு நெவில் தூங்கவில்லை. “கேட்டியா பெரில், ‘குடிக்கலாம்’னு சொன்னான்” என்று அவளை இரண்டு தடவை எழுப்பினான். அப்பேர்ப்பட்ட டெஸ்மண்ட் வாயில் ‘அருமை’!

மனுஷனுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்றுதான் பெரில் நினைத்தாள். மறுநாள் ஹெட்லியும் சொன்னான், “ரொம்ப நல்லா இருக்கு.” நெவில் இவர்களுக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்று, பள்ளிக்கூடத்தில் மார்க் கேட்கிறவன் மாதிரிக் கேட்டுக்கொண்டு சிரித்தான். பெரிலுக்கு இன்னொன்றும் கண்ணில் பட்டது. முன்பு மூன்று பைண்ட் குடித்தவர்கள் இப்போது ஒன்றோடு எழுந்துவிடுகிறார்கள். “நாய்க்குச் சோறு வைக்கணும்” என்பான் ஹெட்லி. நாய் அவன் காலடியிலேயேதான் படுத்திருக்கும். சனிக்கிழமைக் கும்பலும் மெலிந்துகொண்டே வந்தது. கும்பல் மெலிந்ததில் பெரிலுக்கு வருத்தம் இல்லை. கழுவ வேண்டிய கிளாஸ் குறைந்தது என்று வைத்துக்கொண்டாள்.

மார்ச் மாதம் மழை பெய்த ஒரு மத்தியானம், மேட்டில் நடக்க வந்தவன் ஒருத்தன் சேற்று பூட்ஸோடு உள்ளே வந்தான். ஊர் தெரியாதவன், கண்ணாடி போட்டவன், மரியாதைக்காரன். பிட்டர் என்கிற கசப்பு ஏலில் ஒரு பைண்ட் வாங்கிக்கொண்டு கணப்பு ஓரம் உட்கார்ந்தான். ஒரு வாய் குடித்தான். கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து வந்து, தான்தான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டவன் மாதிரி, “மன்னிக்கணும். தொந்தரவு பண்றேன்னு நினைக்காதீங்க. இது கொஞ்சம்... புளிச்சிருக்கோன்னு தோணுது” என்றான்.

நெவில் கிளாஸை வாங்கினான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். துளி கலங்கல் இல்லை, பளிங்கு மாதிரி இருந்தது. மோந்தான், ஒரு வாய் குடித்தான். அப்புறம் அந்த ஆளைப் பார்க்காமல் டெஸ்மண்டைப் பார்த்தான்.

“டெஸ்மண்ட், நீ அதைத்தானே குடிச்சுக்கிட்டிருக்கே. எப்படி இருக்கு?”

டெஸ்மண்ட் தன் கிளாஸைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். “அருமை” என்றான்.

“ஹெட்லி?”

“குறை ஒண்ணும் இல்ல.”

“இந்தப் பக்கத்து பீர் உங்களுக்குப் பழக்கமில்ல சார்” என்றான் நெவில் வந்தவனிடம். “பீர்ல ஒண்ணும் இல்ல.”

அந்த ஆள் காது வரைக்கும் சிவந்துபோனான். நன்றி என்று வேறு சொல்லிவிட்டு மழையிலேயே இறங்கிப் போய்விட்டான். பெரிலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாற்றிக் கொடுக்காமல் நெவில் ஒரு ஆளை அனுப்பி அவள் பார்த்ததே இல்லை. அவன் நிலவறைக்கு இறங்கினதும் அந்தக் கிளாஸைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

காடி. ஊறுகாய் போடலாம் அதை வைத்து. வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பீர் தெரியாத தனக்கே இப்படி நாக்கு சுருட்டுகிறது. முப்பது வருஷம் நெவில் கையால் குடித்து வளர்ந்த அந்த இரண்டு தடியன்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

மறுநாள் காலை டெஸ்மண்டை பஸ் நிறுத்தத்தில் வைத்துப் பிடித்தாள்.

“ஏன்யா, வெட்கமா இல்ல உனக்கு? அது காடின்னு உனக்குத் தெரியும்.”

டெஸ்மண்ட் தொப்பியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டான். “தெரியும்.”

“அப்புறம்?”

“காய்ச்சல்லேர்ந்து எழுந்து வந்த அன்னிக்கு என்கிட்ட வந்து ‘எப்படிடா இருக்கு’ன்னு கேட்டான் பெரில். முப்பது வருஷத்துல அவன் அப்படிக் கேட்டதே இல்ல. முகம் வேற எலும்பா இருந்துது. இல்லைன்னு எப்படிச் சொல்றது? நல்லாருக்குன்னேன். மறுநாளும் கேட்டான்.”

“அதுக்காக தினமும் குடிப்பியா?”

“முதல் நாளே சொல்லியிருந்தா சரி. அத்தனை நாள் அருமைன்னு சொல்லிட்டு இன்னிக்குப் போய்க் காடின்னா, என்னை என்னன்னு நினைப்பான்?”

“வயிறு என்னத்துக்கு ஆகும்யா?”

“மாத்திரை போட்டுக்கிறேன்” என்றான் டெஸ்மண்ட். “ஹெட்லிக்கும் நான்தான் வாங்கித் தர்றேன்.”

“வேற கடைக்குப் போய்த் தொலைக்கிறதுதானே.”

“கீழ்த்தெருக் கடைக்கா? அங்க பாட்டுப் போடுறான்” என்றான். அதற்குமேல் காரணம் வேண்டுமா என்பதுபோல அவளைப் பார்த்தான். பிறகு குரலை இறக்கி, “நீ வேணா சொல்லிடேன்” என்றான்.

பஸ் வந்தது, யாரும் ஏறவில்லை, போய்விட்டது. அவளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. சொன்னால் அந்த மனுஷன் உடைந்துபோவான், அல்லது இன்னும் ஐந்து வருஷம் அதைச் சரிபண்ணியே தீருவேன் என்று நிலவறையில் கிடப்பான். சொல்லாவிட்டால் ஈஸ்டருக்குள் ஆள் வருவது தானாக நின்றுவிடும். காலம் மாறிவிட்டது, யாரும் ஏல் குடிப்பதில்லை என்று அவனும் நினைத்துக்கொள்வான். மனசும் நோகாது. படி இல்லாத வீடும் கிடைக்கும்.

“சொல்ல வேண்டாம்” என்றாள். “நீங்களும் சொல்ல வேண்டாம். ஈஸ்டர் வரைக்கும் தாங்குங்க.”

அன்று சாயந்திரமே நடையில் நின்று ஐவிக்குப் போன் பண்ணி, அந்த வீட்டை வேறு யாருக்கும் விட்டுவிடாதே என்றாள். போனை வைத்துவிட்டு அங்கேயே சுவரோடு சாய்ந்துகொண்டாள். அசதி என்று சொல்லிக்கொண்டாள். அது அசதி இல்லை என்று அவளுக்கே தெரியும். ஆனால் எதை ஒப்புக்கொள்ளவும் ஒரு தெம்பு வேண்டுமே.

இப்படிப் பத்து நாள் போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பிடக் கூப்பிட்டும் நெவில் வரவில்லை. நிலவறைப் படியில் ஒவ்வொன்றாகக் காலை வைத்து இறங்கினாள். அவன் ஒரு காலிப் பீப்பாய் மேல் உட்கார்ந்து, பாதி நறுக்கின வெங்காயத்தை மூக்கில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

“என்ன பண்றே?”

“கண்ணு எரியுது” என்றான். “மணம் வரல.”

அவள் அடுத்த பீப்பாயில் உட்கார்ந்தாள். உட்காராமல் நிற்க முழங்கால் விடவில்லை.

“ஜனவரிலேர்ந்து எனக்கு மணமும் இல்ல, ருசியும் இல்ல” என்றான் நெவில். “எதைக் குடிச்சாலும் தண்ணிதான். உன் சாப்பாடும் தண்ணிதான். உன்கிட்ட சொன்னா நீ அன்னிக்கே கடையை மூடச் சொல்லியிருப்பே.”

“ஆமா, சொல்லியிருப்பேன்.”

“அதான் டெஸ்மண்ட்கிட்டயும் ஹெட்லிகிட்டயும் கேட்டுக்கிறேன். அவனுங்க நாக்குதான் இப்போ என் நாக்கு. ஒரு நல்ல வார்த்தை பேசாத பசங்க, அருமைங்கிறானுங்க. மூக்கு இல்லாம இத்தனை நல்லாப் பண்றேனான்னு எனக்கே ஆச்சரியம்.” வெங்காயத்தைக் கீழே வைத்தான். “ஆனா ஆளுங்க வரல பெரில். காலம் அப்படி. நீயும் களைச்சுப் போயிட்டே, எனக்குத் தெரியாம இல்ல. நாளைக்குக் கட்டடக்காரர்கிட்ட சொல்லிடறேன். ஐவி வீட்டுப் பக்கம் போயிடலாம்.”

இத்தனை நாள் எதற்காக ஏங்கினாளோ, அதை அவன் எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டான். அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவனோ நிறுத்தவில்லை.

“நல்ல பீர் ஊத்தினவன்னு பேரோட போறேன். அது போதும் எனக்கு.”

ஊர் முழுக்க அவனை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறது! சனிக்கிழமைக் கும்பல் மொத்தமும் கீழ்த்தெருக் கடையில் உட்கார்ந்து, நெவில் கடை பீரில் ஊறுகாய் போடலாம் என்று பேசிக்கொண்டிருக்கும். அந்தக் கண்ணாடிக்காரன் எந்த ஊரில் போய் என்ன சொன்னானோ. இவன் அதெல்லாம் தெரியாமல் கடல் பக்கம் உட்கார்ந்து, சாகிற வரைக்கும் அந்த இரண்டு ‘அருமை’யையும் நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருப்பான். பக்கத்தில் அவள் டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். “சாப்பாடு ஆறிடும்” என்றுதான் வந்தது. அவளும் அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள்தானே, டெஸ்மண்டை மட்டும் குறை சொல்லி என்ன?

மறுநாள் மத்தியானம் நெவில் பம்புக்குப் பின்னால் நின்றான். எதிரே டெஸ்மண்டும் ஹெட்லியும் உட்கார்ந்திருந்தார்கள், ஆளுக்கு ஒரு கிளாஸ் முன்னால். வேறு ஆள் இல்லை. பெரில் ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். கோட்டையும் சர்ச்சுக்குப் போடுகிற தொப்பியையும் போட்டுக்கொண்டு, பின்கதவு வழியாக வெளியே போய், கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். வாய் வராத இடத்துக்கு அந்தக் கடையில் ஏற்கெனவே ஒரு வழி இருந்தது. நெவிலே போட்ட சட்டம்.

“ஒரு பைண்ட் பிட்டர்” என்றாள். காசைக் கவுண்டரில் வைத்தாள்.

நெவில் சிரித்தான். “என்ன இது, ஊரை விட்டுப் போறதுக்குள்ள ஒரு தடவை குடிச்சுப் பார்த்துடலாம்னா?”

ஊற்றிக் கொடுத்தான். அவள் நின்றபடியே ஒரு பெரிய வாய் குடித்தாள். துப்பவில்லை, விழுங்கினாள். அப்புறம் கிளாஸை அவன் பக்கம் தள்ளினாள்.

“மன்னிக்கணும். இது கெட்டுப்போயிருக்கு. மாத்திக் குடுங்க.”

நெவிலின் சிரிப்பு அப்படியே நின்றது. அவளைப் பார்த்தான். வழக்கம்போல டெஸ்மண்ட் பக்கம் திரும்பினான். கேள்வியைக் கேட்கக்கூட இல்லை, பார்த்தான், அவ்வளவுதான்.

டெஸ்மண்ட் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் கிளாஸை ஒரு விரலால் மெதுவாக முன்னால் தள்ளினான்.

“என்னோடதும்டா நெவில். சிரமம் இல்லேன்னா.”

“என்னோடதும்” என்றான் ஹெட்லி. “நாய்க்குக் கொஞ்சம் ஊத்திப் பார்த்தேன். அதுவே எழுந்து அந்தப் பக்கம் போயிடுச்சு.”

“எத்தனை நாளா?” என்றான் நெவில்.

“காய்ச்சல்லேர்ந்து” என்றாள் பெரில்.

ஏன், எதற்கு என்று அவன் கேட்கவில்லை. அது அவன் சட்டம். மூன்று கிளாஸையும் எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தான். பிட்டரின் பேர்ப்பலகையைத் திருப்பி வைத்தான். பக்கத்துப் பம்பில் இருந்த கறுப்பு ஏலின் பலகையையும் திருப்பினான். நிலவறைக் கதவைத் திறந்து இறங்கிப் போனான். கீழே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, ரொம்ப நேரம் கேட்டது. டெஸ்மண்டும் ஹெட்லியும் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

“டீ கிடைக்குமா பெரில்?” என்றான் டெஸ்மண்ட் கடைசியில்.

“எழுந்து போய் நீயே போட்டுக்கோ” என்றாள் அவள்.

கடையை அந்த வாரம் பாதி மூடியே வைத்திருந்தார்கள். கெட்ட பீப்பாய்களைச் சாக்கடையில் கொட்டினார்கள், குழாயைக் கழற்றிக் கொதிநீர் விட்டு அலசினார்கள். பெரில் முட்டி போட்டு நிலவறைத் தரையைத் தேய்த்தாள். முழங்கால் கதறியது. கடைசியாகக் குழாயை மாட்டும்போதுதான் நெவில் கேட்டான்.

“உனக்கு எப்போ தெரியும்?”

“அந்தக் கண்ணாடிக்காரர் வந்த அன்னிக்கு.”

“ஏன் சொல்லல?”

இதற்கு ஒரு பொய் சொல்லலாம். அவளிடம் தெம்பு இல்லை. “கடல் பக்கம் போகணும்னு இருந்துது நெவில். எனக்கு முடியல. கடை தானா சாகட்டும்னு விட்டுட்டேன்.”

அவன் ஸ்பானரை மறுபடி குழாயில் மாட்டினான். “சரி” என்றான். அப்புறம் குழாயை முறுக்கி முடித்தான். அந்த ‘சரி’யில் கோபம் இருந்ததா இல்லையா என்று அவளுக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை.

புதுப் பீப்பாய் வந்தது. படுக்க வைத்தான், முளை அடித்தான், இரண்டு நாள் தொடாமல் விட்டான். வியாழக்கிழமை கடை திறப்பதற்கு முன்னால் பம்பை இழுத்து முதல் கிளாஸை ஊற்றினான். வெளிச்சத்தில் பார்த்தான். தான் குடிக்காமல் அவளிடம் நீட்டினான்.

“சொல்லு.”

“நல்லா இருக்கு.”

“அது பத்தாது. அப்படித்தான் அவனுங்களும் சொன்னானுங்க. என்ன இருக்குன்னு சொல்லு.”

பெரில் ஸ்டூலில் உட்கார்ந்து மறுபடி குடித்தாள். இந்தத் தடவை அவசரப்படவில்லை. “ஜில்லுன்னு இல்ல” என்றாள். “நம்ம நிலவறை எவ்வளவு குளிரோ அவ்வளவுதான். முதல்ல ரொட்டி வாசனை வருது. ரொட்டி ஓரம் கொஞ்சம் கருகினா வருமே, அது. அப்புறம் ஆரஞ்சுத் தோல். விழுங்கினப்புறம்தான் கசப்பு வருது, பின்னாடி, நாக்கோட அடியில. கசக்குது, ஆனா...”

“ஆனா?”

“இன்னொரு வாய் கேக்குது.”

நெவில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். “அதான்” என்றான். “அதான் பெரில். அதேதான்.”

அவளுக்கு இதைவிட ஆச்சரியம், குடித்ததும் தோள் கொஞ்சம் தளர்ந்து இறங்கினது. இத்தனை வருஷமாக அந்த ஆட்கள் இங்கே வந்து எதற்காகச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒரு சின்ன அளவுக்கு விளங்கியது. அதற்குள் யாரோ வாசலைத் தட்டினார்கள். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. மேல்தாழ்ப்பாளுக்கு எம்பித் திறந்தாள்.

டெஸ்மண்ட் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தான். ஹெட்லி வந்தான், நாய் வந்தது. நெவில் ஒன்றும் கேட்காமல் ஊற்றி வைத்தான். நாய் உட்பட யாரும் அசையவில்லை. டெஸ்மண்ட் ஒரு வாய் குடித்தான். கிளாஸைக் கீழே வைக்காமல் இன்னொரு வாய் குடித்தான். பாதி தீர்ந்தபிறகு கீழே வைத்து, மீசையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

“குடிக்கலாம்” என்றான்.

நெவில் ஏதோ துணி தேடுகிறவன் மாதிரி கவுண்டருக்கு அடியில் குனிந்தான். அவன் நிமிரவே இல்லை. குனிந்த முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. டெஸ்மண்டும் ஹெட்லியும் மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது. பெரிலிடம் வந்து தணிந்த குரலில், “நான் சொன்னது சொன்னதுதான் பெரில். கடல் பக்கம் போயிடலாம். இன்னிக்கே போன் பண்ணிடறேன்” என்றான்.

பெரில் அவனைப் பார்த்தாள். படி இல்லாத வீடு, சமையலறை ஜன்னல், படகு, அவள் போட்டு வைத்த நாற்காலிகள் எல்லாம் ஒரு தடவை கண்முன் வந்து போயின. அழுகை வரும்போல இருந்தது, வரவில்லை. ரொம்ப அசதியாக இருந்தது, அவ்வளவுதான். தன் கிளாஸில் மிச்சம் இருந்ததை எடுத்துக் குடித்தாள்.

“போனா, தினம் காலைல உனக்கு யார் குடிச்சுச் சொல்றது?” என்றாள். “போய் ஸ்குரூ டிரைவரை எடுத்துட்டு வா. முதல்ல அந்த மேல்தாழ்ப்பாளைக் கீழே இறக்கு.”